மாந்தரை ஐந்தாய்ப் பகுத்த ஆசிரியர்



சின்னாட்களுக்கு முன்னர் என் வகுப்பில் மாணாக்கன் ஒருவன் எழுந்து, உலகத்து மக்களை வெள்ளையர், கறுப்பர், மஞ்சள் நிறத்தார் என்று இனம் இனமாக முதன்முதல் எண்ணிச் சொன்னவர் யார் என்று வினவினான். பாடத்தில் அதற்கு இடமில்லை; ஆயினும் வினா நல்ல வினா. யானோ விடை கூறாது நின்றேன். இப்பாகுபாடு மலையும் கடலும் போலத் தொன்றுதொட்டு உள்ளது என்றே யானும் இளமையிற் கருதியிருந்தமையால், அதற்கு ஓர் ஆசிரியர் இருக்கக்கூடும் என்பதே எனக்குத் தோன்றியதில்லை. பின்னர் நூல்களைத் தேடிப் பயின்றபோது, அதற்கு வயதும் உண்டு, பிறந்த ஊரும் உண்டு, பெயரிட்டு வளர்த்த ஆசிரியரும் உண்டு என்று அறிந்தேன். அவ்வாசிரியர் வரலாற்றை ஈண்டு வரைகின்றேன். அவர் தீயவரல்லர் என்பதே இவ்வரலாற்றில் யான் கண்ட வியப்பு.

யோஹன் பிரீட்ரிக் புளூமென்பாக் என்பார் 1752ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் ஜெர்மானிய நாட்டிலுள்ள கோத்தா நகரில் தோன்றினார். அவர் தந்தையார் பள்ளி ஆசிரியர். எம் தொழிலார் ஒருவரின் மகன் இத்துணைப் புகழ் பெற்றார் என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு, அதனை மறைப்பானேன்? இளைஞர் முதலில் யேனா நகரில் மருத்துவம் பயின்றார். பின்னர்க் கோட்டிங்கன் நகரத்துச் சர்வகலாசாலையைச் சார்ந்தார். தம் வாழ்நாளில் எஞ்சியதை எல்லாம் அந்நகரிலேயே கழித்தார்.

கோட்டிங்கன் சிறிய ஊரே. ஆயினும் அஃது ஹனோவர் அரசைச் சார்ந்தது. ஹனோவரின் அதிபரே அந்நாளில் இங்கிலாந்துக்கும் மன்னர். ஆதலின் இலண்டன் மாநகரில் வந்திறங்கும் புதிய நூல்களும், கடலோடிகள் எழுதிய பயண வரலாறுகளும் அச்சிற்றூர் நூல்நிலையத்தை எளிதில் அடைந்தன. அங்கே பூட்னர் என்னும் முதிய பேராசிரியர் ஒருவர் இயற்கை நூல் கற்பித்து வந்தார். அவர் பயண நூல்களைக் கொணர்ந்து வைத்துக்கொண்டு பல தேயத்து மாந்தரின் உருவமும் ஒழுக்கமும் பற்றி மாணாக்கர்க்கு விரித்துரைப்பார். அவ்வுரைகளைக் கேட்டிருந்த புளூமென்பாக்குக்கு ஒரே வினா நெஞ்சிற் பதிந்தது. இத்துணை வேறுபட்ட மாந்தரெல்லாம் ஒரு குலத்துப் பிறந்தவரோ, அன்றிப் பல குலத்துப் பிறந்தவரோ என்பதே அது.

இவ்வினா அக்காலத்தே ஏன் எழுந்தது என்பதை அறியாவிடின் இவர் வரலாறு விளங்காது. ஆதலின் சிறிது பின்னோக்கிச் செல்வோம்.

அடிமைகள் எக்காலத்தும் இருந்தனர். கிரேக்கரும் உரோமரும் போரிற் பிடிபட்டாரையும் கடன்பட்டாரையும் அடிமை கொண்டனர். அவ்வடிமைகளுட் பலர் ஆண்டையரைப் போலவே வெண்ணிறத்தினர். சிலர் ஆண்டையரின் பிள்ளைகளுக்கு ஆசிரியருமாயினர். மேனியின் நிறத்தைக் கண்டு இவன் அடிமை, இவன் அடிமையல்லன் என்று கூறும் வழக்கம் அவரிடை இல்லை. 1444ஆம் ஆண்டில் போர்ச்சுகல் நாட்டு லாகோஸ் துறையில் 235 ஆப்பிரிக்க மக்கள் கரையிறக்கப்பட்டுப் பங்கிடப்பட்டனர். ஐந்தாண்டு கழித்து, 1449இல், ஸ்பெயின் தேயத்துத் தொலேதோ நகரில், யூத மதத்திலிருந்து கிறிஸ்து மதம் புகுந்தாரும் அவர் வழித்தோன்றல்களும் நகரப் பதவிகளை வகித்தலாகாது என்று விதித்தனர். மதம் மாறினும் குருதி மாறாது என்பது அவ்விதியின் கருத்து. அந்நாட்டார் குதிரையின் குலத்தைக் குறிக்க வழங்கிய ‘ராசா’ என்னும் சொல் மாந்தர்மேலும் ஏறியது. ஆங்கிலர் நம் சாதியைக் குறிக்க வழங்கும் சொல்லும் போர்ச்சுகீசியர் தம் மொழியில் குலத்துக்கு வழங்கிய ‘காஸ்தா’ என்பதே ஆம். நம் நாட்டில் வந்திறங்கிய கப்பலோட்டிகள் தம் ஊர்ச் சொல்லை நம்மேல் ஒட்டிச் சென்றனர்.

வட அமெரிக்காவில் ஆங்கிலர் குடியேறிய வர்ஜினியா நாட்டில் நிகழ்ந்தது இன்னும் தெளிவாக நோக்கற்பாலது. அங்கே புகையிலைத் தோட்டங்களில் பாடுபட்டவருள் ஆப்பிரிக்கரும் இருந்தனர். இத்துணை ஆண்டு உழைப்பேன் என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த ஏழை ஆங்கிலரும் இருந்தனர். இருவரும் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கினர். முதலில் அவரைப் பிரித்தது மதமே. கிறிஸ்தவன் என்றும் அல்லாதவன் என்றுமே பேசினர். ஆனால் ஆப்பிரிக்கரும் ஞானஸ்நானம் பெறத் தொடங்கினரே, இனி அவரை அடிமையாக வைத்தல் எங்ஙனம்? இதற்குச் சட்டங்கள் விடை கூறின. அடிமைத் தாயின் பிள்ளை அடிமையே என்று 1662இல் விதித்தனர். ஞானஸ்நானம் ஒருவனை விடுதலை செய்யாது என்று 1667இல் விதித்தனர். 1676இல் பேக்கன் என்பானின் தலைமையில் பெருங்கலகம் ஒன்று மூண்டது. ஏழை வெள்ளையரும் கறுப்பரும் ஒருங்கே படைக்கலம் ஏந்தினர். தலைநகராகிய ஜேம்ஸ்டவுன் தீக்கிரையாயிற்று. ஏழைகள் ஒன்றுபடுதல் எத்தகைய இடர் என்பதைத் தோட்டமுதலாளிகள் அன்று கண்டனர். 1691இல் வெள்ளையர் கறுப்பரையோ செவ்விந்தியரையோ மணந்தால் நாடு கடத்தப்படுவர் என்று சட்டம் பிறந்தது. 1705இல் இவையெல்லாம் ஒரு பெருஞ்சட்டமாகத் தொகுக்கப்பட்டன. ஏழை ஆங்கிலனுக்கு நிலம் கிடைத்ததோ இல்லையோ, தான் வெள்ளையன் என்னும் பெருமை கிடைத்தது. நிறம் என்பது இவ்வாறு சட்டப் புத்தகத்தில் முதலில் எழுதப்பட்டுப் பின்னரே இயற்கை நூலிற் புகுந்தது.

இயற்கை நூலார் அதன் பின்னே வந்தனர். ஔரங்கசீப்பின் அரசவையைச் சார்ந்து பல்லாண்டு வாழ்ந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர் 1684இல் மாந்தரை நான்கைந்து இனமாகப் பகுத்து ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். அவர் நம் நாட்டாரை ஐரோப்பியரோடு ஒரே இனத்தில் வைத்து, நம் கருமை வெயிலால் வந்ததென்று கூறிப் போயினார். சுவீடன் தேயத்து லின்னேயஸ் 1735இல் கண்டத்துக்கு ஒன்றாக நான்கு வகை கூறினார். 1758ஆம் ஆண்டுப் பதிப்பில் அவற்றோடு குணத்தையும் சேர்த்தார். ஐரோப்பியர் சட்டத்தால் ஆளப்படுவர், ஆப்பிரிக்கர் மனம்போன போக்கால் ஆளப்படுவர் என்பன போன்ற குறிப்புக்கள் அதில் உள. செடிகொடிகளுக்குப் பெயரிட்ட கை அது. மாந்தரிடம் வந்தபோது தடுமாறிற்று. 1774இல் ஜமைக்காத் தீவின் தோட்டக்காரராகிய எட்வர்ட் லாங் என்பவர், கறுப்பர் வெள்ளையரின் வேறான ஓர் உயிர்வகை என்றே நூல் எழுதினார். அடிமைகளை உடையார்க்கு அக்கருத்து எத்துணை இனிமையாயிருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி நம் புளூமென்பாக்கிடம் மீள்வோம்.

லாங் என்பவரின் நூல் வெளிவந்த மறுவாண்டு, 1775இல், இருபத்துமூன்று வயதினராகிய புளூமென்பாக் தம் மருத்துவப் பட்டத்துக்கு உரிய ஆராய்ச்சியுரையை இலத்தீன் மொழியில் எழுதி அளித்தார். மாந்தரின் இயற்கை வேறுபாடுகளைப் பற்றியது அது. அதன் முடிபு ஒன்றே: மாந்தர் அனைவரும் ஒரே குலத்தினர். நிறமும் மயிரும் முகவடிவும் வெயிலாலும் உணவாலும் வாழ்க்கை முறையாலும் வேறுபட்டன. ஒரு வகைக்கும் அடுத்த வகைக்கும் இடையே கோடு கிழித்தல் இயலாது. ஒன்று மற்றொன்றில் மெல்லமெல்லக் கரைந்து செல்கின்றது. இவ்வளவும் சொல்லிவிட்டு, கற்பார்க்கு எளிதாகும் பொருட்டு நான்கு வகை என்று பிரித்தார். 1781ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் அவை ஐந்தாயின.

1776இல் அவர் கோட்டிங்கனில் ஆசிரியராயமர்ந்தார். 1778இல் முழுப் பேராசிரியரானார். அவரது இயற்கை நூற் கையேடு 1779இல் வெளிவந்து பன்முறை பதிப்பிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாத்தலகு விலங்கைக் கண்டு ஐரோப்பா மயங்கி நின்ற 1800ஆம் ஆண்டில் அதற்குப் பெயரிட்டவருள் இவரும் ஒருவர். ஏறத்தாழ அறுபதாண்டு கற்பித்தார். பிற்காலத்தில் உலகம் வியந்த அலெக்சாண்டர் ஹும்போல்ட் அவர் வகுப்பில் அமர்ந்து கேட்டவர். இவற்றை விரிப்பின் பெருகும்.

விரிக்க வேண்டுவது அவர் திரட்டிய மண்டையோடுகளின் வரலாறே. வேற்றுத் தேயத்து மாந்தரைச் சென்று காண அவரால் இயலாது. அவர் வாழ்நாளிற் சென்ற நெடும்பயணங்கள் சுவிட்சர்லாந்துக்கும் இலண்டனுக்கும் பாரிசுக்கும் போன்ற இரண்டு மூன்றே. ஆதலின் உலகத்தைத் தம் அறைக்கு வரவழைத்தார். இலண்டனிலிருந்த ஜோசப் பேங்க்ஸ் என்னும் பெருமகனாரும், ருஷியப் படை மருத்துவராகிய ஆஷ் என்னும் பிரபுவும் அவருக்கு மண்டையோடுகளை அனுப்பி வந்தனர். அவர் இறக்கும்போது அவை இருநூற்றுக்கு மேற்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஒரு தாயின் மடியிற் கிடந்த தலை. கல்லறையிலிருந்தும், போர்க்களத்திலிருந்தும், மருத்துவச் சாலையிலிருந்தும் அவை கொள்ளப்பட்டன. உரியவரைக் கேட்டுக் கொண்டவை மிகச் சிலவே என்று கருத இடமுண்டு.

அவற்றுள் ஒன்று 1793இல் ஆஷ் பிரபு அனுப்பியது. காக்கேசிய மலைச்சாரலிலுள்ள ஜார்ஜியா நாட்டுப் பெண் ஒருத்தியின் தலையோடு அது. அவள் ருஷியர் நடத்திய போரிற் சிறைப்பட்டு மாஸ்கோ நகருக்குக் கொண்டுவரப்பட்டவள்; அங்கேயே இறந்தாள். உடற்கூற்றுப் பேராசிரியர் ஒருவர் அவள் உடலை அறுத்து ஆராய்ந்த பின் அவள் தலையோடு கைம்மாறிக் கோட்டிங்கனை அடைந்தது. புளூமென்பாக் அதனைக் கண்டு மகிழ்ந்தார். அதன் வடிவமைதி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. தம்மிடமிருந்த எல்லாவற்றினும் அழகியது இதுவே என்று துணிந்தார்.

1795இல் அவர் நூலின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. அதில் ஐந்து வகைக்கும் நிலைபெற்ற பெயர்கள் இடப்பட்டன: காக்கேசியர், மங்கோலியர், எத்தியோப்பியர், அமெரிக்கர், மலாயர். நூலில் ஐந்து மண்டையோடுகளின் படம் வரிசையாக அமைந்துள்ளது. ஒரு கோடியில் வடவாசியாவின் துங்கூசியன்; அடுத்துக் கரீபியத் தீவினன்; நடுவே ஜார்ஜியப் பெண்; அடுத்துத் தாஹித்தித் தீவின் பெண்; மறு கோடியில் கினி நாட்டு ஆப்பிரிக்கப் பெண். தாஹித்தியின் தலையோட்டைக் கொணர்ந்தவர் கப்பற்றலைவர் பிளை என்பார். தம் கப்பலின் மாலுமிகளாலேயே கடலில் இறக்கிவிடப்பட்டவர் அவர்.

நடுவிலிருப்பதே மூலம் என்று புளூமென்பாக் கொண்டார். வெண்ணிறம் கருகுதல் எளிது, கருநிறம் வெளுத்தல் அரிது. ஆதலின் முதல் மாந்தர் வெண்ணிறத்தினராயிருந்திருப்பர். காக்கேசிய மலையே அவர் தோன்றிய இடமாகும் என்று கருதினார். அங்கிருந்து ஒரு வழி அமெரிக்கரூடே மங்கோலியரிடம் செல்கின்றது. மற்றொரு வழி மலாயரூடே எத்தியோப்பியரிடம் செல்கின்றது. மூலத்திலிருந்து விலகுதலை அவர் குறித்தாரேயன்றி இழிவைக் குறித்தாரல்லர். ஆயினும் வகுப்பறையில் நெடுநாள் நின்ற எனக்கு ஒன்று தெரியும். கரும்பலகையில் நடுவே ஒன்றை எழுதி, அதனை அழகியது என்று சொல்லிவிட்டு, இரு புறமும் விலகிச் செல்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டினால், ஓரத்திலிருப்பது தாழ்ந்தது என்று யாம் சொல்லாமலே அவர் கற்றுக்கொள்வர்.

ஒரு வேடிக்கை கூறுவேன். புளூமென்பாக் காக்கேசியரின் எல்லையைக் கிழக்கே கங்கையாறு வரையில் வகுத்தார். நம் தமிழகம் கங்கைக்கு இப்பால் உள்ளது. ஆகவே அவர் கோட்டின்படி யாமெல்லோரும் காக்கேசியரே! இவ்வுண்மையை என் வீட்டிற் கூறியபோது என் மனைவி, என் நிறத்தை ஒருமுறை ஏற இறங்க நோக்கிவிட்டு அடுக்களைக்குச் சென்றுவிட்டாள்.

நிற்க. காக்கேசியர் என்னும் பெயரை முதலில் இத்துறையில் வழங்கியவர் புளூமென்பாக் அல்லர். அதே கோட்டிங்கனில் மெய்ப்பொருள் நூல் கற்பித்த மைனர்ஸ் என்பவரே 1785இல் அதனை வழங்கினார். மைனர்ஸ் மாந்தரை அழகியர், அழகற்றவர் என இரண்டே கூறாக்கி, அழகற்றார் அறிவும் ஒழுக்கமும் குன்றியவர் என்றும், அடிமை வாழ்வு அவர்க்குத் தக்கதென்றும் எழுதிக் குவித்தார். ஒரே ஊர், ஒரே கலாசாலை. இருவரும் தெருவில் எதிர்ப்பட்டு வணங்கிக்கொண்டிருப்பர். ஆனால் கருத்தில் புளூமென்பாக் அவரை விடாது எதிர்த்தார். எதிரியின் சொல்லை வாங்கித் தம் நூலிற் சூட்டிக்கொண்டதுதான் அவர் செய்த பிழை.

அவர் எதிர்த்த வகையே அவர் பெருமை. சுவிட்சர்லாந்துப் பயணத்தில் இவர்டன் என்னும் ஊரில் ஓர் இல்லத்தின் முற்றத்தில் ஒரு பெண் முதுகு காட்டி நின்றாள். அவள் உருவமைதியை அவர் வியந்துகொண்டிருக்கையில் அவள் திரும்பினாள். ஆப்பிரிக்க நாட்டு முகம். அவளோடு உரையாடிய அவர், அவள் அறிவும் இனிய பேச்சும் கண்டு மகிழ்ந்தார். அவ்வட்டாரத்தில் மகப்பேறு பார்ப்பதில் அவளை வெல்வாரில்லை என்று ஊரார் கூறினர். வெள்ளைக்காரத் தாய்மார் தம் உயிரை அக்கரிய கைகளில் ஒப்படைத்திருந்தனர். அந்நிகழ்ச்சி அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. 1790இல் வெளியிட்ட நூலில் அதனை விரிவாக எழுதினார்.

அன்றியும், ஆப்பிரிக்கர் எழுதிய நூல்களை ஒவ்வொன்றாய்த் தேடிச் சேர்த்துத் தம் வீட்டில் ஒரு சிறு நூல்நிலையமே அமைத்தார். கறுப்பர்க்குக் கல்வி வராது என்பாரை நோக்கி அவ்வலமாரியைச் சுட்டுவதற்காகவே அது. சிறுமியாயிருந்தபோதே கப்பலேற்றப்பட்டு 1761இல் பாஸ்டன் நகரில் அடிமையாக விற்கப்பட்டு, 1773இல் தன் செய்யுட்களை இலண்டனில் அச்சேற்றிய பிலிஸ் வீட்லியின் நூல் அங்கிருந்தது. இலண்டனில் மளிகைக்கடை வைத்து வாழ்ந்த இக்னேஷியஸ் சாஞ்சோ என்பாரின் கடிதத் தொகுதி இருந்தது. அன்டன் வில்ஹெல்ம் ஆமோ என்பவரை அவர் சிறப்பித்து எழுதினார். தங்கக் கரை நாட்டிற் பிறந்து, சிறுவனாய் ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஒரு ஜெர்மானியக் கோமகனுக்குக் கொடையாக அளிக்கப்பட்டவர் ஆமோ. அவர் ஹாலே, விட்டன்பர்க், யேனா ஆகிய கலாசாலைகளில் மெய்ப்பொருள் நூல் கற்பித்தார். புளூமென்பாக் மாணாக்கராய்ப் புகுந்த யேனாவில், அதற்கு ஏறத்தாழ முப்பதாண்டு முன்னரே ஓர் ஆப்பிரிக்கர் ஆசிரியராய் நின்றிருக்கிறார்.

ஒரு மனிதர் ஒரே அறையில் ஒரு புறம் மண்டையோடுகளையும் மறுபுறம் இந்நூல்களையும் வைத்திருந்தார். நூல்களைக் காண வந்தவர் சிலர். மண்டையோடுகளைக் காண வந்தவர் பலர்.

புளூமென்பாக் 1840ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் எண்பத்தேழாம் வயதிற் காலமானார். அதற்கு முந்திய ஆண்டிலேயே அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து மருத்துவர் சாமுவேல் மார்ட்டன் பெருநூல் ஒன்றை வெளியிட்டிருந்தார். மார்ட்டன் புளூமென்பாக்கின் ஐந்து வகையை அப்படியே எடுத்துக்கொண்டார். அவர் கூறிய ஒருமையை விட்டுவிட்டார். மண்டையோட்டினுள் முதலில் விதைகளையும் பின்னர் ஈயக் குண்டுகளையும் நிரப்பி, எதில் எத்துணை கொள்ளும் என்று அளந்தார். காக்கேசியருக்கு 87 கன அங்குலம், எத்தியோப்பியருக்கு 78 கன அங்குலம் என்று 1839ஆம் ஆண்டு நூலில் பட்டியல் இட்டார். தென்னாட்டு அடிமை முதலாளிகளுக்கு இனி வேறு சான்று வேண்டுமோ? ஹைடல்பர்க் பேராசிரியர் டீடமன் 1836இலேயே மூளைகளை அளந்து, கறுப்பர்க்கும் வெள்ளையர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லையென்று நிறுவியிருந்தார். அவர் நூலைப் புரட்டினாரில்லை.

புளூமென்பாக் வைத்த பெயர் அவர் எண்ணாத இடமெல்லாம் சென்றது. 1923இல் பஞ்சாபைச் சேர்ந்த பகத்சிங் திண்ட் என்பார் அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் குடியுரிமை வேண்டி நின்றார். முதல் உலகப் போரில் அந்நாட்டுப் படையிற் பணியாற்றியவர் அவர். 1790ஆம் ஆண்டுச் சட்டம் முதலாக, வெள்ளையர்க்குக் குடியுரிமை உண்டென்றிருந்தது; பின்னர் ஆப்பிரிக்கர்க்கும் அளிக்கப்பட்டது; ஆசியர்க்கு இல்லை. முந்திய ஆண்டில்தான் அதே மன்றம் ஜப்பானியர் ஒருவரை அவர் காக்கேசியர் அல்லர் என்று கூறித் தள்ளியிருந்தது. இந்தியர் காக்கேசியர் என்று நூலார் கூறுகின்றனரே, ஆதலின் யானும் வெள்ளையன் என்றார் திண்ட். நீதிபதிகள் அப்பெயர் தற்செயலாய்த் தோன்றியது, நிலையற்றது என்றனர். சாதாரண மனிதன் எவரை வெள்ளையர் என்று கருதுகின்றானோ அவரே வெள்ளையர் என்று தீர்ப்பளித்தனர். வேண்டாதவரைத் தள்ளுதற்கு நேற்றுப் பயன்பட்ட நூல், வேண்டாதவர் உள்ளே புக முயன்றபோது இன்று பயனற்றதாயிற்று. இந்தியர்க்கு அவ்வுரிமை 1946இல்தான் சட்டத்தால் வழங்கப்பட்டது.

நம் நாட்டுக்கும் அக்கருவிகள் வந்தன. ஹெர்பெர்ட் ரிஸ்லி என்னும் ஆங்கில அதிகாரி, மூக்கு எத்துணை அகலமோ அத்துணைச் சாதி தாழ்ந்தது என்று கொள்கை வகுத்தார். 1901ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின் தலைவர் அவரே. அக்கணக்கில் சாதிகளை உயர்வு தாழ்வு வரிசையில் அடுக்க ஆணையிட்டார். சென்னைக் காட்சிச்சாலைத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் நம் ஊர்களில் மூக்கையும் தலையையும் அளந்து, 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். வரிசை வந்தவுடன் விண்ணப்பங்களும் வந்தன. எங்களைக் கீழே வைத்தீர், மேலே வையுங்கள் என்று நாடெங்கும் வகுப்பார் சங்கம் கூட்டி எழுதினர். நம் போன்ற சங்கங்கள் பல அக்காலத்தில் முளைத்தமைக்கு அதுவும் ஒரு காரணம். இவ்வேட்டில் இதனை எழுதுதல் தகுமோ என்று இரண்டு நாள் எண்ணிப் பார்த்தேன். எழுதாமல் விடுதல் தகாது என்று முடிவு செய்தேன்.

ஏனெனின், பன்னிரண்டு ஆண்டுகட்கு முன் நம் ஆண்டு மலரில் யான் எழுதிய கட்டுரை ஒன்று சிலர்க்கு நினைவிருக்கலாம். நம் குலத்தின் தொன்மையை நிறுவப் புகுந்து, தர்ஸ்டனின் மூக்களவுகளை எடுத்துக்காட்டி, அண்டை ஊரில் வாழும் மற்றொரு வகுப்பாரின் அளவோடு ஒப்பிட்டுப் பெருமை பேசியிருந்தேன். பாராட்டிக் கடிதம் எழுதிய அன்பர் பலர். யானும் அக்கடிதங்களைப் பேணி வைத்திருந்தேன். இக்கட்டுரையின் தொடக்கத்திற் கூறிய வினாவை வினவிய மாணாக்கன் அவ்வகுப்பினன். பையன் என் பழைய கட்டுரையை அறியான். யான் அறிவேன். அவன் நின்று விடைக்குக் காத்திருந்தபோது என் வாய் எழாமைக்கு அறியாமை மட்டும் காரணமன்று.

இக்கால ஆராய்ச்சியாளர் மண்டையோட்டை விடுத்து மரபணுவை ஆராய்கின்றனர். 1972இல் ரிச்சர்ட் லெவான்டின் என்பவர் கணக்கிட்டபடி, மாந்தரிடையுள்ள மரபுவேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கட் கூட்டத்துக்குள்ளேயே அமைந்துள்ளது. இனம் என்று சொல்லப்படுவனவற்றுக்கு இடையே இருப்பது மிகச் சிறிதே. கோடு கிழித்தல் இயலாது என்று 1775இல் இருபத்துமூன்று வயது இளைஞர் எழுதியதை நோக்க, இஃது அதற்குப் புறம்பன்று. அவர் அக்கூற்றோடு நின்றிருக்கலாம்.

மறுநாள் வகுப்பில் அம்மாணாக்கனுக்கு விடை கூறினேன். கோத்தா நகரையும் கோட்டிங்கனையும் படத்திற் காட்டினேன். ஐந்து மண்டையோடுகளைப் பற்றிச் சொன்னபோது அவன் மீண்டும் எழுந்து, நடுவிலிருந்த பெண்ணின் பெயர் யாது என்று கேட்டான். புளூமென்பாக் திரட்டியவை இன்றும் கோட்டிங்கனில் உள்ளன. 2022இல் அவற்றுட் சில ஹவாய்த் தீவு மக்களிடம் திருப்பி அளிக்கப்பட்டன. அவர் தம் முன்னோரை ஊருக்குக் கொண்டு சென்றனர். ஜார்ஜியப் பெண்ணின் தலையோட்டுக்குப் புளூமென்பாக் நாட்டின் பெயரை எழுதிவைத்தார்; அழகின் பெயரை எழுதிவைத்தார்; அவள் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை என்று அவனிடம் சொன்னேன். பையன் அமர்ந்து தன் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டான். மணி அடித்தது.